முடிந்து வைக்க ஒரு காசு

எங்கள் வீட்டில் ஒரு நாணயம்கூட இல்லை. வறுமையைச் சொல்லவில்லை; இங்கே ஸ்வீடனில் அநேகமாக யார் வீட்டிலும் இருக்காது. பேருந்தானாலும் பாலானாலும் அட்டையைக் காட்டினால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பண்டிகைக்கு நம் ஆட்கள் வாடகைக்கு எடுக்கும் கூடத்தில் பிள்ளையாருக்கு முன்னால்கூட உண்டியல் கிடையாது, பணம் அனுப்ப ஒரு கைபேசி எண்ணை ஒட்டியிருப்பார்கள். வந்து நான்கு வருடமாகியும் இது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. போன மாதம் என் கணவர் வேலை பார்த்த பிரிவையே கம்பெனியில் மூடிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் இங்கே தங்கும் அனுமதியும் போய்விடும். அவர் வந்து சொன்னபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. மீதிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தேன்.

நான் சின்ன வயதிலிருந்தே சேர்த்து வைக்கிறவள். பிளாஸ்டிக் பையைக்கூடக் கழுவிக் காயவைத்து மடித்து வைப்பேன். கஞ்சப்பிசினாறி என்று தோழிகள் சொல்வதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். அப்படிச் சேர்த்ததையெல்லாம் போன வருடம்தான் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணமாகக் கொட்டியிருந்தோம். கள்ளக்குறிச்சிக்குப் போன் செய்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

"சாமிக்கு ஒரு காசு முடிஞ்சி வைடி. நம்ம மலையடிவாரத்துப் பெருமாளு பாத்துக்குவாரு" என்றார். அடுத்த பேச்சாக, அங்கே குளிர் ஜாஸ்தியா என்று கேட்டார்.

அம்மா காசு முடிந்ததை நான் முதலில் பார்த்தது ரிஷிவந்தியம் பக்கத்தில் நாங்கள் குத்தகைக்குப் பயிர் செய்த நாளில். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகவேண்டிய கரும்பு, மழையில்லாமல் நின்ற இடத்திலேயே காய்ந்தது. வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாயை வைத்து முடிந்து, சாமி படத்துக்கு அடியில் வைத்தார் அம்மா. அந்த ரூபாய் என் மண் உண்டியலிலிருந்து எடுத்தது. சாமிக்குப் போனது திரும்பாது என்று தெரிந்ததால் நான் சில நாள் அவரோடு பேசவில்லை. மழை பெய்யவே இல்லை. கிணறு வற்றாதவர்களின் வயலுக்கு அப்பா கரும்பு வெட்டக் கூலிக்குப் போனார். அந்த வருடம் முடிந்ததும் அம்மா எங்களைக் கல்வராயன் மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் முடிச்சை உண்டியலில் போட்டார்.

"மழைதான் பேயலையேம்மா, இன்னாத்துக்குக் காசு?" என்று கேட்டேன்.

"பேயலன்னா இன்னா? எல்லாரும் உசுரோடதான கீறோம்."

அம்மாவுக்குக் கணக்கு வராது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகு சாமி கும்பிட்டேனே தவிர, நம்பியதெல்லாம் என் மண் உண்டியலைத்தான்.

இப்போது அம்மா சொன்னதைச் செய்யலாம் என்றால் காசு இல்லை. எதிர்வீட்டு பிர்கித்தாவிடம் போய், ஒரு நாணயம் இருக்குமா, ஒன்றே ஒன்று போதும் என்று கேட்டேன். அவருக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரியும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தேடுகிறேன் என்று சொன்னவர், சாயங்காலம் உருளைக்கிழங்கும் ரொட்டியும் காபித்தூளும் நிறைந்த பையோடு வந்து மணி அடித்தார். "வெட்கப்படாதீர்கள்" என்றார். எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில், காசு எனக்கில்லை, கடவுளுக்கு என்று விளக்கினேன். "ஆமாம், சர்ச்சிலும் உணவு கொடுக்கிறார்கள், நான் கூட்டிப் போகிறேன்" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு சிட்டிகை உப்புகூடக் கேட்டறியாதவள் நான். இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டு "தாக்" என்றேன். இவர்கள் மொழியில் நன்றி. கோபமும் வரவில்லை, கூச்சமும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்குதான் சமைத்தோம்.

ஒரு வாரம் கழித்து பிர்கித்தா மறுபடி வந்தார். தையல் பெட்டிக்கு அடியில் கிடந்ததாம், பழைய ஒரு க்ரோனா நாணயம். "இது இப்போது செல்லாது. பேங்கில்கூட வாங்க மாட்டார்கள், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன்.

கணவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து மஞ்சளில் நனைத்து அதை முடிந்து வைத்தேன். இன்னது வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. பாத்துக்கோ என்று மட்டும் சொன்னேன். இதை எழுதும் இன்றுவரை வேலை எதுவும் வரவில்லை. சன்னலுக்கு வெளியே பனி, உள்ளே ஹீட்டர் சூட்டில் முடிச்சு காய்ந்து விறைத்துக் கிடக்கிறது. விடுமுறைக்குப் போனாலும் சரி, ஒரேயடியாகத் திரும்பிப் போனாலும் சரி, மலையடிவாரத்தில் அதைப் போடத்தான் போகிறேன். உண்டியல் எண்ணுகிறவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைப்பார்கள். அங்கே அது வெளிநாட்டுக் காசு, இங்கேயோ செல்லாத காசு. அதையும் வாங்கிக்கொள்கிற சாமி, எங்களையும் எங்கேயாவது வைத்துக்கொள்ளும்.