மலைக் குளிரும் ஒரு பொய்யும்

லண்டனில் காலநிலையைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. எனக்கு அந்தப் பேச்சே அலுத்துவிட்டது. மழையே இல்லாத ஓர் இடத்தின் காலநிலையால்தான் ஒன்பது வயதில் எனக்குப் பொய்க்காரி என்ற பெயர் வந்தது.

அப்போது லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பாவுக்குக் கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதி தூக்கம், மீதி கொட்டாவி. பள்ளிக்கூடத்தில், மலைப்பாங்கான வறண்ட நாடு ஒன்றைக் காட்டி அதன் காலநிலையை எழுதிவரச் சொன்னார்கள். புத்தகத்தைப் பார்த்து, மழை குறைவு, வெயில் அதிகம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். செற்றியில் கண்ணை மூடிக் கிடந்த அப்பா வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டதும் எழும்பி உட்கார்ந்தார்.

“மழை இல்லையெண்டா குளிர் இல்லையெண்டு ஆர் சொன்னது? பகல்ல முகத்துத் தோல் உரியும். வெயில் மலைக்கு அங்கால போன உடன போத்தில் தண்ணி கட்டியாப் போகும்.”

அன்றைக்கு அவருக்கு என்ன வந்ததோ, நிறுத்தவேயில்லை. மேகம் மூடினால் தப்பலாம், வானம் வெளித்திருக்கும் இரவுதான் பயம் என்றார். பனி உருகும் காலத்தில் மலைத் தண்ணீர் பின்னேரம்தான் பெருகி இறங்கும், ஆற்றைக் காலமையே கடந்துவிட வேண்டும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். இங்கே வரும் வழியில் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே ஆட்டுக் கொட்டிலில் கிடந்தேன் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் எழுதினேன். இதெல்லாம் என் அப்பா அங்கே இருந்து பார்த்தது என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன். டீச்சர் தங்க நட்சத்திரம் ஒட்டி வகுப்புச் சுவரில் தொங்கவிட்டார்.

வந்த வழியை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வீடுகளில் சோற்றோடு ஊட்டப்படும் பாடம். எனக்கும் ஊட்டியிருந்தார்கள். ஆனால் நான் எழுதியது வழியை அல்லவே, குளிரைத்தானே! அப்பாவின் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு களவாக நாடு கடத்திவிட்ட ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்தபடி, கொழும்பிலிருந்து நேரே விமானத்தில் வந்து இறங்கியதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு சொல் மாறினாலும் எங்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் அந்த மனிதர் நித்திரை கொண்டார்.

பெற்றோர் சந்திப்புக்கு அப்பா வேலை உடுப்போடு நேரே வந்தார். நீங்கள் அங்கே இருந்தீர்களாமே, ஒருநாள் வந்து பிள்ளைகளுக்குச் சொல்வீர்களா என்று டீச்சர் ஆசையோடு கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா சுவரில் இருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் அந்தப் பக்கமே போனதில்லை, பிள்ளை கதை கட்டியிருக்கிறாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

“அப்பா, நீங்கள்தானே சொன்னனீங்கள்!”

“நான் சொல்லேல்லை, பிள்ளை.”

பொய் சொல்லலாமா என்று டீச்சர் குனிந்து மெல்லக் கேட்டார். கடைசி வரியைப் பேனாவால் வெட்டினார். நட்சத்திரத்தை மட்டும் விட்டுவைத்தார், பாவம் பார்த்து. நான் விக்கி விக்கி அழுதபடி மன்னிப்புக் கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு வெட்கப்படுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.