ஈரத்துணி வைத்தியம்

எங்கள் வீட்டில் எந்தக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான், சூடு. எனக்குக் கண் எரிந்தால் சூடு. நாய் சோறு தின்னாவிட்டால் அதற்கும் சூடு. அப்பா ஸ்ரீபெரும்புதூர் கோயில் பக்கத்து ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புக் கார் வழியில் நின்றுபோனால் சூடு. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வரும்போது பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் அதுவும் சூடுதான். “உங்கம்மாவுக்கும் நம்ம வண்டிக்கும் ஒரே சீக்குடி” என்பார் அப்பா. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பாள், மூச்சு இடம் கொடுக்கிற அளவுக்கு.

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஒன்பது வயது. கார் நிற்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. பென்னலூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது சமர்த்தாக ஓடும். மெட்ராஸ் ரோட்டில் தண்டலம் வருவதற்குள், வெயிலும் ஏறியிருந்தால், ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். உள்ளே கல்யாண கோஷ்டி இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டும். அப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். சூட்டில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது, அதனால்தான் என்ஜினுக்கு வந்து சேரவில்லை என்பது ஸ்டாண்டிலிருந்த அத்தனை டிரைவர்களும் சேர்ந்து கண்ட முடிவு. துணியைப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். வேறென்ன சாட்சி வேண்டும்? அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து அந்தத் துணியைத் தயார் செய்து வைப்பது என் வேலை. மிச்சத் துண்டை நனைத்து அம்மாவின் நெற்றியில் போடுவதும் நான்தான். அவளும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடப்பாள்.

இரண்டுக்கும் வைத்தியம் பார்க்காமலும் இல்லை. காரை ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போனால், அங்கே போய் நின்று ஆறியபின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். மெக்கானிக் கையை விரித்துவிடுவார். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனாலும் இதே கதைதான். பெஞ்சில் உட்கார்ந்து முறை வருவதற்குள் மூச்சு சீராகிவிடும். ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பூந்தமல்லியில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. சவாரி இல்லாத நாளாகப் பார்த்து அப்பா எங்கள் காரிலேயே கூட்டிப் போனார். கிளம்புகிற அவசரத்தில் சாமான்களைத் தூக்கி ஏற்றிய அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்தவள், பம்ப்புக்கென்று வைத்திருந்த கேன் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தே தீர்த்துவிட்டாள். தண்டலத்துக்கு முன்னால் கார் வழக்கம்போல் நின்றது. துணி இருந்தது, நனைக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் கடையும் இல்லை, கிணறும் இல்லை. அப்பா அம்மாவை ஒன்றும் சொல்லாமல் என்னைத் திட்டினார். வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அலுத்துப்போய் அவர் சாவியைத் திருப்ப, வண்டி கிளம்பிவிட்டது.

“இன்னாங்க, துணியே போடலியே?” என்றாள் அம்மா.

அப்பா கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். அம்மா விடவில்லை.

“அப்போ இத்தினி நாளும் துணியால ஆவல. சும்மா நின்னதால ஆயிருக்குது.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். மேலே போய்ப் பூந்தமல்லிக்குள் நுழையும்போது கார் மறுபடி நின்றது. இந்த முறை துணியைத் தொடவே இல்லை. பம்ப்பிலிருந்து போகும் குழாயைக் கழற்றிவிட்டு, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, “செல்ஃப் அடி” என்றார். அடித்தேன். பெட்ரோல் பீச்சி அடித்தது, பம்ப்பில் குறையில்லை. குழாயை மாட்டி, சிந்தியதைத் துடைத்து, அது காய்ந்ததும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரை உருவி என்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். மறுபடி அடித்தேன். நீலமாகப் பொறி பறக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. என்ஜின் கொதித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பார்த்ததால்தான் தெரிந்தது.

“கரண்ட்டுதான் போவுது. கண்டன்சர். சூடானா செத்துப்பூடுது, ஆறினா உசுரு வந்துடுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு தகரக் குப்பி. பூந்தமல்லியிலேயே புதிது வாங்கி மாட்டினார். இதைக் கண்டுபிடித்ததற்கு அவர் குதிப்பார் என்று பார்த்தேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைகாப்பில் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும், “நாளைக்கு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரி போறோம்” என்றார். அம்மா, “எனக்கு இன்னா, நல்லாத்தானே கீறேன்” என்றாள். “நல்லா இருக்கசொல்ல பாத்தா ஒண்ணும் தெரியாதுமே” என்றார் அப்பா.

மெட்ராசில் அந்த டாக்டர் அம்மாவை மாடிப்படி ஏறி இறங்கி வரச்சொன்னார். நின்று மூச்சு வாங்கியவளை உட்காரக்கூட விடாமல் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு ஏதேதோ படமெல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் வால்வு கெட்டு, இதயமே வீங்கிப்போயிருக்கிறதாம். இனி ஆபரேஷனைத் தாங்காதாம். “இத்தனை வருஷமா என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தே?” என்று கத்தினார்.

“சூடுன்னு நெனச்சிட்டோம் சார்” என்றார் அப்பா.

அம்மா அடுத்த பொங்கலுக்கு இல்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது எனக்கு ஒரே கொண்டாட்டம். போக வர ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லையே! அதையே பத்து முறை சொல்லிக்கொண்டு வந்தேன். தண்டலம் வந்தது. அப்பா காரை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி, அதன் மறைவில் நின்றுகொண்டார்.

போச்சுடா என்று கேனையும் துணியையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். “போவாதடி. அவரே வருவாரு.” நான் கேட்டால்தானே? கையை உதறிவிட்டு, துணியை நனைத்துக்கொண்டு ஓடினேன். அப்பா இரண்டு கையையும் காரின்மேல் ஊன்றித் தலையைக் குனிந்து நின்றிருந்தார். பழக்கத்தில் துணியை நீட்டினேன். வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டார்.

“ஐயே, அழுக்குத் துணிப்பா அது!” என்று கத்தினேன்.

அவர் எடுக்கவே இல்லை. என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை நிறுத்தி பானெட்டை எதற்குத் திறந்தார் என்று வீடு வந்து சேரும்வரை நான் அப்பாவைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.