மூன்று வெளிச்சத்தில் ஒரு சிவப்பு

சாயப்பட்டறையில் அவரை நேரில் பார்த்தால் மாஸ்டர். முதுகு திரும்பியதும் மூணு லைட்டு.

பட்டம் சும்மா வரவில்லை. பட்டறையின் ஆய்வறை மூலையில் ஒரு பெட்டி உண்டு. முன்பக்கம் திறந்திருக்கும், உள்ளே சாம்பல் நிறச் சுவர், வெளியே மூன்று பொத்தான். ஒன்றை அமுக்கினால் பகல் வெளிச்சம், அடுத்ததில் கடை வெளிச்சம், மூன்றாவதில் வீட்டுக் குண்டு பல்பு வெளிச்சம். துணியின் நிறம் கடையில் ஒன்றாகவும் தெருவில் வேறொன்றாகவும் தெரிந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக. வாடிக்கையாளர் கொடுத்த துண்டையும் பட்டறையில் சாயமேற்றிய துண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மூன்றிலும் பார்க்க வேண்டும். அவசரம் என்றால் மற்றவர்கள் ஒன்றில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவரிடம் அந்தப் பருப்பு வேகாது. முப்பத்தொரு வருடமாக மூன்றிலும்தான் பார்த்தார். தனக்கு ஒரு சட்டை எடுக்கப் போனால்கூடக் கடைக்காரரைத் தெருவரைக்கும் இழுத்துவந்து, பிறகு மாடிப்படிக்குக் கீழே இருட்டில் நிறுத்தி, அதன் பிறகுதான் வேண்டாம் என்பார்.

ஒரே தடவையில் சாயமேற்றிய நானூறு கிலோ லாட்டில் ஒரு நாணயம் அளவுக்குப் புள்ளி இருந்தால் போதும், முழு லாட்டும் நிராகரிப்பு. இதில் அதிகம் அடிபட்டது அவருடைய மச்சினன்தான். மனைவியின் தம்பி, அதே பட்டறையில் சாய இயந்திரம் ஓட்டுகிறவன்.

"மாமா, அந்த ஓரத்த மட்டும் வெட்டிட்டா முடிஞ்சுது" என்று கெஞ்சுவான்.

"வெட்டிடலாம். அப்படியே உன் வேலையையும் சேத்து வெட்டிடட்டுமா?" என்பார். சொந்தம் பந்தம் எல்லாம் பட்டறை வாசலுக்கு வெளியேதான்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை காலை பட்டறைக் கழிப்பறையில் நின்றுகொண்டு கீழே பார்த்தார். சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, நல்ல பளிச்சென்ற சிவப்பு.

வேறு யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இவர் கோபமாகப் பொடி அறைக்குப் போனார். அந்த வாரம் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது சிவப்பு பதினாலு, சீருடைக்கான பெரிய ஆர்டர். சாயப்பொடி பறப்பது அங்கே புதிதில்லை. தும்மினால் மஞ்சள் வரும், துப்பினால் பச்சை வரும். அதனால் இதுவும் பதினாலாம் நம்பர்தான் என்று அவரே முடிவுகட்டி, முகமூடித் துணி சரியில்லை என்று மேலாளருக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார். புது முகமூடி வந்தது. காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றும் வந்தது. மாஸ்டருக்கே சிவப்பாகப் போகிறது என்று செய்தி பரவி, மூன்று தொழிலாளிகள் விசுவாசத்தில் தங்களுக்கும் லேசாக ரோஸ் அடிப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு இரண்டு நாள் சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது.

அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு லாண்டரியில் கறை எடுக்கிறவர். எண்ணெய், மை, துரு, லிப்ஸ்டிக் என்று அந்த ஊரில் யார் எதைச் சிந்தினாலும் கடைசியில் அவர் கைக்குத்தான் வர வேண்டும். முதல் வாரமே அவர் சொல்லிவிட்டார்.

"ஏங்க, உங்க உள்ளாடையில இருந்தது ரத்தம்."

"சாயம்."

"இருபது வருஷமா கறை எடுக்கறேன். பச்சைத் தண்ணியில உப்பு போட்டு ஊற வெச்சேன், போயிடுச்சு. உங்க பதினாலு பச்சைத் தண்ணியில போகுமா?"

தான் ஏற்றிய நிறம் பச்சைத் தண்ணீரில் போகும் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. போகாது என்று சொன்னால் ரத்தம் என்று ஆகிவிடும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது துணியில ஏறுன சாயம், இது உடம்புல ஏறுன சாயம். ரெண்டும் வேற கணக்கு" என்றார்.

சிவப்பு ஆர்டர் முடிந்தது. நீலம் தொடங்கியது. நீலமாகப் போகும் என்று அவர் காத்திருந்தார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். காலையில் எழுந்ததும் ஆவலோடு போய்ப் பார்ப்பார். நீலத்தைக் காணோம். சில நாள் தெளிவாகவே போகும், அப்பாடா என்று இருப்பார், மறுநாள் பழையபடி சிவப்பு. மச்சினன் வேறு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்: "மாமா, கலர் மாறுச்சா?"

இரண்டு மாதம் இப்படியே ஓடிய பிறகுதான் அவருக்கு உருப்படியாக ஒன்று தோன்றியது. ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். ஆய்வறைக் கதவைத் தாழிட்டார். பதினாலாம் நம்பர் கரைசலை இன்னொரு குப்பியில் எடுத்து இரண்டையும் பெட்டிக்குள் வைத்தார். கடை வெளிச்சத்தில் அண்ணன் தம்பி போல இருந்தன. வீட்டு வெளிச்சத்திலும் பழுதில்லை. பகல் வெளிச்சத்தை அமுக்கினார். அவருடைய குப்பி பழுப்படித்தது.

பெட்டியின் விளக்கை அணைத்தார். பிறகு நிராகரிப்புப் பதிவேட்டை எடுத்து, தேதி போட்டு, "ஷேடு பொருந்தவில்லை. நமது சரக்கு அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார்:

"அது சாயம் இல்ல."

"அப்ப என்ன?"

"இன்னும் முடிவாகல."

"ரத்தம்னு சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டுவிட்டு, மனைவி செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

குழாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த சர்ஜன், சிறுநீர்ப்பையின் சுவரில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். சுரண்டி எடுத்தார். எத்தனை வருடமாகச் சாயத்தில் வேலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வந்த முதல் அறிக்கை, இது புற்றுநோய்தான், ஆனால் ஆழமாக இறங்கவில்லை, பைக்குள் மருந்து விட்டுக் கண்காணிக்கலாம் என்றது. மாஸ்டர் அதற்கே தெம்பாகிவிட்டார். பத்தாம் நாள் மறுபடி கூப்பிட்டார்கள்.

"உங்க கட்டியோட ஸ்லைட லேப் டாக்டரம்மா இன்னொரு தடவ பாத்தாங்க" என்றார் சர்ஜன். "பெரும்பாலும் சாதாரண வகைதான். ஆனா ஒரு மூலையில வேற வகை இருக்கு. மைக்ரோபாபில்லரின்னு பேரு. ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல நாலு பேருக்குத்தான் பாத்திருக்கேன்."

அபூர்வம் என்றதும் மாஸ்டர் முகத்தில் ஒரு நொடி பெருமை தட்டியது. அந்த மனிதரை என்ன சொல்ல!

"சந்தோஷப்படற விஷயம் இல்ல" என்றார் சர்ஜன். "இது மூர்க்கமானது. மேல சின்னதா தெரியும்போதே வெளிய பரவ ஆரம்பிச்சுடும். மருந்து விட்டுப் பாத்துக்கிட்டு உக்கார நேரம் இல்ல. சிறுநீர்ப்பைய முழுசா எடுத்துடணும். வயித்துல ஒரு துளை வெச்சு, சிறுநீர் சேர வெளிய ஒரு பை ஒட்டிடுவோம். ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணணும்."

"ஒரு மூலைதான டாக்டர்? அந்த மூலைய மட்டும் எடுத்துட்டா?"

கூட வந்திருந்த மச்சினன் இதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டான். பதினோரு வருட வயிற்றெரிச்சல் அவனுக்கு. "மாமா! ஓரத்த வெட்டறதா? நீங்களா பேசறீங்க? நாணயம் அளவு புள்ளிக்கு எத்தன லாட்ட தூக்கிப் போட்டிருப்பீங்க!" என்று சொல்லிச் சிரிக்கப் போனவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் அப்படி இருந்தது.

மாஸ்டர் விடவில்லை. ஸ்லைடை மூன்று வெளிச்சத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சர்ஜன் எடுத்துச் சொன்னார், கோபப்பட்டார், கடைசியில் கையெடுத்தே கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சொன்ன இரண்டு வாரத்தில் ஒன்பது நாள் இந்த இழுபறியிலேயே போயிற்று. பத்தாம் நாள், மாமனும் மச்சினனும் பட்டறைப் பெட்டியை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

"என்னங்க இது, மீன் தொட்டியா?" என்றார் வாசல் காவலாளி.

"இல்லைங்க, வெளிச்சம்" என்றான் மச்சினன்.

காவலாளி பேனாவை எடுத்தார். உள்ளே போகும் பொருட்கள் என்ற நோட்டில் 'வெளிச்சம், ஒன்று' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

லேப் டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய கண்ணாடி. "ஐயா, இதுல வெச்சா வெறும் ரோஸ் கறைதான் தெரியும். மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் ஏதாவது புரியும்" என்றார்.

"வைங்கம்மா."

வைத்தார். பகல், கடை, வீடு. மூன்றிலும் ஒரே கறை, ஒரே நிறம். "ஊதா ஒரு பொட்டு தூக்கலா இருக்கே" என்றார் மாஸ்டர்.

"ஊதா சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா, சுருக்கென்று. அவரும் திசுவுக்குத் தினமும் சாயமேற்றுகிறவர்தானே, ரோஷம் இருக்காதா? இருவரும் ஊதாவைப் பற்றிக் கால் மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். மச்சினன் வேனுக்கு வாடகை ஏறுவதை நினைவுபடுத்திய பிறகுதான் டாக்டரம்மா ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் மாட்டி அவரைக் குனியச் சொன்னார்.

"சின்னச் சின்னக் கொத்தா நிக்குது பாருங்க. ஒவ்வொரு கொத்தச் சுத்தியும் வெள்ளையா காலி இடம். அதுதான்."

மாஸ்டர் பார்த்தார். முப்பத்தொரு வருடம் பழுது தேடிய கண் அது. ஸ்லைடை நகர்த்தும் திருகு எது என்று கேட்டுக்கொண்டு, மெதுவாகத் திருகி, ஓரம் ஓரமாக அலசினார். துணி பார்க்கிற பழக்கத்தில் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். ஒரு இடத்தில் நின்றார்.

"இங்கயும் ஒண்ணு இருக்கே?"

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. திருகினார், மறுபடி பார்த்தார். அந்த இடத்தை அவர் முன்பு குறித்திருக்கவில்லை.

"ஆமா" என்றார் தணிந்த குரலில். "இருக்கு."

தன் பழுதைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்த மனிதர் அடுத்து என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இன்னொரு துண்டு எடுத்து மறுபடி சோதிக்கலாமா? உறுதிப்படுத்திக்கறதுக்கு" என்றார்.

அவர்களோடு வந்து அதுவரை சுவரோரம் நின்றிருந்த மனைவி முன்னால் வந்தார். பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்தார். மூன்று வெளிச்சமும் போயிற்று.

"உங்கள நான் முதமுதல்ல பாத்தது கரண்டு போன நேரத்துல. லாண்டரி வாசல்ல, ஓட்டை டார்ச்சோட நின்னுக்கிட்டு இருந்தீங்க. பேட்டரி வேற செத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த ஒரே வெளிச்சத்துல பாத்துட்டு சரின்னு சொன்னேன். இன்னும் ரெண்டு வெளிச்சம் கொண்டாங்கன்னு கேட்டனா? கேட்டிருந்தா உங்களக் கட்டியிருப்பனா?" கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். "நீங்க பாத்துட்டீங்க. உங்க கண்ணாலயே பாத்துட்டீங்க. இன்னும் எத்தன துண்டு வேணும் உங்களுக்கு? கையெழுத்துப் போடுங்க."

டாக்டரம்மா மேசையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். மச்சினன் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மாஸ்டர் சர்ஜன் அறைக்கு நடந்துபோய், ஒப்புதல் படிவத்தில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் படித்துப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் பார்க்காமல் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

மூன்றாம் நாள் காலை அவரைத் தள்ளுபடுக்கையில் கிடத்தி, அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஏதோ கழுவிக்கொண்டிருந்தார்கள். பச்சை அங்கி, தலையில் ஒரு குல்லாய், கழுத்துவரை போர்வை. வந்ததிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. போர்வையின் பச்சையும் அங்கியின் பச்சையும் ஒரே லாட் இல்லை என்று ஆயாவிடம் சொன்னார். வயிற்றில் ஒட்டப்போகும் பை எந்த நிறத்தில் வரும் என்று சர்ஜனின் உதவியாளரைப் பிடித்துக் கேட்டார். தோல் நிறம் என்று அவர் சொன்னதும், யாருடைய தோல் என்றார். மனைவி போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

கதவு திறந்தது. தள்ளுகிறவர் வந்து பிடியில் கை வைத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மாஸ்டர். அடுத்து எந்த நிறத்தில் குறை சொல்லப் போகிறாரோ என்று ஆயா நின்றார். அவர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"பயமா இருக்கு" என்றார்.

மனைவி அப்படியே அவர் நெஞ்சின்மேல் தலை சாய்த்து, அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, ஓவென்று அழுதார்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றார். "நாலு மாசமா நான் மட்டும் தனியா பயந்துக்கிட்டு இருந்தேங்க."