இரண்டு கூரை யன்னலும் ஒரே அறையில்

நீங்கள் இரண்டு பேரும் வாசிக்கவேணும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். தம்பிக்குக் கஷ்டமென்றால் அக்கா வாசித்துச் சொல்லட்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எல்லிங்ஸ்ருட் பிளாட்டை விட்டு, குரோருட்டுக்கு மேலே காட்டோரத்தில் இருக்கிற இந்தப் பழைய மரவீட்டுக்கு வந்தபோது, வீட்டைவிட அதோடு ஒட்டி நின்ற வைக்கோல் கொட்டில்தான் எனக்குப் பிடித்தது. இந்த நாட்டில் அதை லோவெ என்பார்கள். ஒரு காலத்தில் கீழே மாடு, மேலே வைக்கோல். மேல்தட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்தால் உங்களுக்கு ஆளுக்கொரு அறை. யன்னல்தான் இல்லை. வடக்குச் சுவரில் வைக்கோல் ஏற்றுகிற ஒரு சின்னக் கதவு மட்டும் இருந்தது.

ரோட்டுப் பக்கக் கூரையில் பெரிசாக நாலு யன்னல் போடுகிற எண்ணத்தோடு நின்றேன். நகரசபையில் பழைய கட்டடங்களைப் பார்க்கிற அம்மா ஒருத்தி வந்தா. நான் காட்டின படங்களைப் பார்த்துவிட்டு, ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்க வைத்தா.

"வீட்டுக்கு முகம் யன்னல். லோவெக்கு முகம் கூரை," என்றா. "அந்த முகத்திலை நாலு கண்ணைத் திறந்தால் பிறகு அது லோவெ இல்லை."

அவ கீறித் தந்தது இதுதான். காட்டுப் பக்கம் மட்டும், இரண்டே இரண்டு யன்னல். கூரையைத் தாங்குகிற கைமரம் ஒன்றையும் வெட்டாமல், இரண்டு கைமரத்துக்கு நடுவே அடங்குகிற அகலம். கறுப்பு இரும்புச் சட்டம், கண்ணாடிக்கு நடுவே ஒரு கம்பி. ஓட்டுக்கு மேலே துருத்தக் கூடாது. ஓட்டோடு ஓடாகப் படுத்திருக்கவேணும். அறைக்கு ஒன்று.

நான் கேட்டேன், இரண்டையும் அக்காவின் அறையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமோ என்று.

"கூரைக்கு ஒண்டுமில்லை, வைக்கலாம். மற்றப் பிள்ளைக்கு?"

"அவனுக்கு அந்த வைக்கோல் கதவிலை கண்ணாடி போட்டுவிடுவன். அவன் படுக்கிறதுக்குத்தானே."

அந்தச் சொல் இன்னும் என் வாயில் கசக்கிறது. அக்கா அப்போது மருத்துவம் படிக்கவேணுமென்று ராப்பகலாகப் புத்தகத்தோடு இருந்தவள். படிக்கிற மேசைக்கு வெளிச்சம், அதுதான் என் தலைக்குள் ஓடினது. தம்பி பந்தோடு திரிகிறவன், அவனுக்கு எதற்கு என்று நினைத்தேன். வைக்கோல் கதவுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைத்துக் கிளை பரப்பி நின்ற ஸ்புரூஸ் மரத்தை நான் காணாமலில்லை. கண்டும் அந்தக் கதவுக்கே கண்ணாடி அளவெடுத்தேன்.

யன்னல் பூட்டின பிறகு முதல் மழை பெய்தபோது, தம்பி அக்காவின் அறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கண்ணாடியில் விழுகிற துளியைப் பார்த்தான்.

"எழும்படா. இது என்ர மழை."

"அப்ப என்ர மழை எங்கை?"

"பஸ் ஸ்டொப்பிலை."

கீழே நின்ற நானும் உங்கள் அம்மாவும் சிரித்தோம். அம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினா.

குளிர்காலத்தில் அவன் பள்ளிக்கூடத்தால் வரும்போதே வெளியே இருட்டிவிடும். சனி ஞாயிறு பகலிலும் அவன் அறையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஒருநாளாவது அவன் ஒரு சொல் முறைப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முறைப்படவில்லை.

போன வருஷம் அக்கா படிக்கவென்று பேர்கன் நகரத்துக்குப் போனாள். அவளுடைய அறைக்கு மாறு என்று தம்பிக்குச் சொன்னேன்.

"பாப்பம் அப்பா," என்றான். மாறவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"எனக்கு இது பழகீட்டுது. அக்கா லீவிலை வந்தா எங்கை படுக்கிறது?"

அக்கா நத்தார் லீவில் வந்து, சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னாள்: "எனக்கு ஒரு யன்னல் காணும் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாம். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லேல்லை." தம்பி அவளுடைய கோப்பையில் இருந்த பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். மகள், அது உன்னுடைய பிழையில்லை. பதினேழு வயசுப் பிள்ளை சொல்லித்தான் யன்னலைப் பிரித்துக் கொடுக்கவேணுமென்றால் நான் ஏன் தகப்பன்?

லீவு முடிய அந்த நகரசபை அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மூன்றாவது யன்னல் வைக்கலாமோ என்று கேட்டேன். கூரை அதைத் தாங்காது என்றா. "நான் முதல் கீறினபடி ஒண்டை மற்ற அறைக்குத் தள்ளி வைக்கலாமே," என்றா. மறக்காமல்தான் இருந்திருக்கிறா.

முதல் யன்னல் பூட்டினபோது கழற்றின பழைய ஓடுகளை எறியாமல் கொட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தேன். பனி உருகினதும் நானும் தம்பியும் கூரையில் ஏறினோம். ஒரு யன்னலைக் கழற்றி, அந்த இடத்தை அதே ஓட்டால் மூடி, அதே கைமர இடைவெளி பார்த்து அவன் பக்கம் கொண்டுபோனோம். பாசி பிடித்த ஓடுகளுக்கு நடுவே, மூடின இடம் மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. பாசி வர வருஷங்கள் எடுக்குமாம்.

அவன் கட்டிலில் முழங்காலில் நின்று, யன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக் காட்டைப் பார்த்தான். இந்த ஆவணியில் அவன் கட்டாய ராணுவ சேவைக்குப் போகிறான். யன்னலை மாற்ற முதலே கூப்பிட்டுக் கடிதம் வந்திட்டுது.

"என்னப்பா," என்றான், "நான் போற நேரம் பாத்து லைட் போடுறியள்."

சிரித்துப்போட்டுத்தான் சொன்னவன். நான் தலை நிமிராமல், இறுகின திருகாணியையே இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.