அழுத்தியது என் விரல், விழுந்தது அவர் ஓட்டு

இன்று காலை ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.

யாருக்குப் போட்டேன் என்பது எனக்கே டீக்கடையில்தான் தெரிந்தது!

என்னைத் தெரியாதவர்களுக்காக: மரக்காணம் உப்பளத்தில் வருஷக்கணக்கில் உப்பு வாரியவள் நான். சர்க்கரை முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டன. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். (உச்சி வெயிலில் அதுவும் குழப்பம்தான்!)

வீட்டுக்காரர் உப்பு லாரி டிரைவர். ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பிலும் இருக்கிறார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், கமென்ட்டில் சண்டை வரும்.

கண் தெரிந்த காலத்தில் அவர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன். அவர் மிரட்டியதில்லை. எனக்கும் வேறு யோசனை இருந்ததில்லை.

இந்த முறை இருந்தது.

என்னோடு ஒரே பாத்தியில் உப்பு வாரிய பெண் ஒருத்தி சுயேச்சையாக நிற்கிறாள். சின்னம் வாளி. உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று மைக் பிடித்துச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். மறைவுக்கு ஒரு செடிகூட இல்லாத வெட்டவெளி அது. வீடு திரும்பும்வரை அடக்கவேண்டுமே என்று பயந்து, அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்திருக்கிறோம்.

நேற்றே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, நான் வாளிக்குத்தான் போடுவேன்."

"கக்கூஸுக்காடி ஓட்டு?" என்று சிரித்தார். அப்புறம், "சரி, உன் இஷ்டம்" என்றார்.

நம்பினேன்.

கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். மகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அதனால் அவரேதான் வந்தார். யாருக்குப் போட்டோம் என்ற ரகசியத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். துணைக்கு வந்ததற்கு அடையாளமாக அவருடைய வலது கை விரலிலும் மை வைத்தார்கள்.

மறைப்புக்குள் போனதும் மெதுவாகச் சொன்னேன்.

"என் விரல வாளி பட்டன்மேல வைங்க. நானே அழுத்துறேன்."

என் கையைப் பிடித்து வைத்தார். அழுத்தினேன். நீளமாக ஒரு பீப்.

"கண்ணாடிக்குள்ள சின்னம் போட்ட சீட்டு தெரியுதா? வாளிதானே?"

"வாளிதான். வா, பின்னாடி நிக்கிறாங்க."

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு!

வெளியே வந்து டீக்கடை ஓரம் நின்றோம். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் வந்தார்.

"இன்னாண்ணே, ரெண்டு கையிலயும் மை?"

"ஒண்ணு என்னுது, ஒண்ணு ஊட்டுக்காரியுது. ரெண்டுமே நம்ம கட்சிக்குத்தான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் ஓரடி பின்னால் நிற்கிறேன். எனக்குப் போனது கண்தான், காது இல்லை!

ரகசியத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்ட மனிதர் நன்றாகத்தான் காப்பாற்றினார். என்னிடமிருந்து மட்டும்!

குச்சியைத் தட்டிக்கொண்டு, ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துக்கே திரும்பினேன். "ஏய் ஸ்டெல்லா, எங்க போற?" என்று பின்னாலேயே ஓடி வந்தார். நிற்கவில்லை. வாசலில் இருந்த போலீஸ்காரம்மா உள்ளே இருந்து அதிகாரியை அழைத்து வந்தார்.

"சார், நான் கேட்ட சின்னத்துல இவரு என் விரல வைக்கல. எனக்கு என் ஓட்டு வேணும்."

வரிசையில் சிரிப்பு. "குடும்ப சண்டைய வீட்ல வெச்சுக்கம்மா!" என்று ஒரு குரல்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பதிவானது பதிவானதுதாம்மா. ஒண்ணும் பண்ண முடியாது. மிஷின்ல பட்டன் பக்கத்துல பிரெய்ல் நம்பர் இருக்குது. தடவிப் பாத்து நீங்களே போட்டிருக்கலாமே?"

பாதி வயசுக்கு மேல் கண் போனவளுக்கு பிரெய்லை யார் சொல்லித்தந்தார்கள்? அப்படி ஒன்று மிஷினில் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவர்தான் முதலில் கத்தினார்.

"ஊர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே! நான் இன்னா கெட்டதா பண்ணேன்? ஜெயிக்கிற ஆளுக்குப் போட்டா நாளைக்கு உன் வைத்தியத்துக்குப் போய் நிக்கலாம். அந்தப் பொண்ணுகிட்ட போய் இன்னா கேப்ப?"

"இத போடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ ஒத்துக்கமாட்ட."

"ஆமா, ஒத்துக்கமாட்டேன். அதுக்குப் பேருதான் ஓட்டு."



அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றமாட்டாத வேதனை. தினமும் ஊசி போட்டுவிடுவதும், தலை வாரிவிடுவதும், மீனில் முள் எடுத்துச் சோற்றில் வைப்பதும் அவர்தான்.

இன்று மத்தியானமும் முள் எடுத்து வைத்தார். சாப்பிட்டேன். (பசிக்குமே!)

ஆனால் ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் நாக்கால் துழாவிப் பார்த்த பிறகுதான் விழுங்கினேன்.

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அப்படிச் செய்ததில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மகள் டைப் அடிக்கிறாள். "யம்மா, அப்பா படிப்பாரும்மா. போடட்டுமா?" என்கிறாள்.

போடச் சொல்லிவிட்டேன்.

நண்பர்களே, வானூர், திண்டிவனம் பக்கம் பிரெய்ல் எண்கள் சொல்லித்தருகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? புத்தகம் படிக்கும் அளவுக்கெல்லாம் வேண்டாம்.

அந்த மிஷினில் எத்தனை பட்டன் இருக்கிறதோ, அதுவரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும்.