அக்காவின் பெயரில் எடுத்த எக்ஸ்ரே

இந்த நினைவு மலர் உங்கள் கைகளுக்கு வரும்போது அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைந்திருக்கும். அக்காவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களும் அவரோடு பணிபுரிந்தவர்களும் மற்ற பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். உடன்பிறந்தவளான எனக்கு வேறு ஒரு கடமை இருக்கிறது. இளம் வயதில் அக்காவுக்குக் காசநோய் வந்தது, அதனால்தான் அவர் மணம் செய்துகொள்ளவில்லை என்று உறவினர்களாகிய உங்களில் பலர் இன்றும் நம்புகிறீர்கள். அந்த நோய் வந்தது எனக்கு. இதை எழுதவேண்டும் என்று அக்காவே கடைசி நாட்களில் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அக்கா புதுச்சேரி முதலியார்பேட்டையில், நூல் மில்லுக்குப் பின்புறத் தெருவில் பிறந்தார். அப்பாவுக்கு மில்லில் நூற்புப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வரும்போது அவருடைய புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் அக்காவுக்கு இரண்டு வயது இளையவள். அக்காவுக்குப் பதினைந்து வயதானபோது அம்மா காசநோயில் இறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அம்மா வீட்டில் படுத்திருந்த ஐந்து மாதங்களும் அவருடைய எச்சில் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுக் கழுவியவர் அக்கா. என்னை அந்த அறைக்குள் விடமாட்டார். ஆனால் அக்கா பள்ளிக்குப் போன நேரங்களில் நான் ஓசைப்படாமல் போய் அம்மாவின் பாயில் படுத்துக்கொள்வேன். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

அக்கா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு ஆட்சி கைமாறிய மூன்றாம் ஆண்டில் இறுதித் தேர்வான பக்கலோரெயாவில் தேறினார். எங்கள் தெருவில் அதற்கு முன் ஒரு பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. ஆனால் வீட்டில் மகிழ்ச்சியைவிடக் கலக்கமே அதிகம் இருந்தது. பிரெஞ்சில் படித்த படிப்புக்கு இனி இந்த ஊரில் என்ன மதிப்பு இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அலுவலகங்களில் ஆங்கிலம் வந்துவிட்டது. அக்கா ஆசைப்பட்டபடி வேதியியல் மேலே படிக்க வேண்டுமானால் பிரான்சுக்குத்தான் போகவேண்டும் என்று, அதை அவருக்குக் கற்பித்த ஆசிரியை சொன்னார். அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் மதாம் என்றுதான் அழைப்போம். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

மதாம் பல பல்கலைக்கழகங்களின் விவரத் தாள்களை வரவழைத்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். அக்கா பள்ளி வரைபடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கப்பல் போய்ச் சேரும் மர்சேயிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் நூல் பிடித்து அளந்தார்.

"மோன்பெலியேவுக்குப் போடறேன் மதாம்."

"ஏன்? பாரீசும் இருக்குது, லியோனும் இருக்குது. ஒன் மார்க்குக்கு அங்கயே கெடைக்கும்."

"கப்பல்ல எறங்கினா இந்தத் தாளுங்கள்ல மோன்பெலியேதான் கிட்ட. ரயில்ல தனியா போற நேரம் கம்மி."

மதாம் சிரிக்கவில்லை. "பயத்த வச்சி ஊரு பாக்காதம்மா" என்றார்.

"பயம் இல்லாம பாக்க எனக்குத் தெரியல மதாம்" என்றார் அக்கா.

அடுத்த சில வாரங்கள் ஒவ்வொரு தாளும் ஒரு பயத்தைக் கொண்டுவந்தது. நகர மன்றத்தில், அதாவது மேரியில், அக்காவின் பிறப்புப் பதிவில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. விண்ணப்பத்தில் நாட்டுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மதாமுக்கே தெரியவில்லை. ஆட்சி மாறிவிட்டது, ஆனால் ஊரை இந்தியாவுக்குச் சட்டப்படி கொடுக்கும் ஒப்பந்தம் இன்னும் முழுதாக நிறைவேறவில்லை. நாங்கள் யார் என்பது காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவின் பயம் வேறு மாதிரி. "ஒங்கம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்னுதான் போனா" என்று ஒருநாள் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவச் சான்று இருந்தது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, காசநோய் இல்லை என்று மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா இறந்ததிலிருந்து அக்காவுக்கு இருமல் உண்டு. இருமிய ஒவ்வொரு முறையும் கைக்குட்டையை விரித்துப் பார்ப்பார். நான் பார்ப்பதைக் கண்டால் மடித்துவிடுவார்.

அந்த யோசனையைச் சொன்னது நான்தான்.

"ஒன் பேர்ல நான் போறேன்க்கா. ரெண்டு பேரும் ஒரே ஜாடைதான? எனக்கு இன்னா, நல்லா குண்டாதான இருக்கேன்."

"வேணாம். தப்பு."

"ஒனக்கு ஏதாச்சும் இருக்குன்னு வந்தா அப்பா தாங்குவாரா?"

நான்காம் நாள் காலையில் அக்கா தன் பெயர் எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் சமையற்கட்டுக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சோடு அணைத்த தகடு சில்லென்றிருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று வழியெல்லாம் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

நான்கு நாட்கள் கழித்து முடிவு கேட்க இருவரும் போனோம். அக்கா பெயரில் நான் டாக்டர் எதிரில் உட்கார்ந்தேன். என் தங்கையைப்போல அக்கா எனக்குப் பின்னால் நின்றார். டாக்டர் வயதானவர், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கே இருந்தவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் நீண்ட நேரம் பார்த்தார்.

"வீட்ல யாருக்காவது இருந்துதாம்மா?"

"அம்மாவுக்கு" என்றேன்.

"எடது பக்கம் மேல நெழல் தெரியுது. ஆரம்பம்தான். இப்ப நல்ல மருந்தெல்லாம் வந்துடுச்சி, பயப்படாத. ஆனா நீ கப்பல் ஏற முடியாது. சீக்கிரமா ஊசி ஆரம்பிக்கணும். அப்பாவக் கூட்டிட்டு வா."

வெளியே தாழ்வாரத்தில் கம்பவுண்டர் அக்காவின் பெயரை உரக்கக் கூப்பிட்டு, காசநோய்ப் பிரிவில் பதிந்துகொள்ளச் சொன்னார். கண் வைத்தியத்துக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் அம்மாவின் கடைசி நாட்கள் கண் முன்னால் வந்தன. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"டாக்டர்கிட்ட சொல்லிடாதக்கா. சொன்னா ஒன்ன அனுப்ப மாட்டாங்க. நீ வேற எங்கயாச்சும் போய்ப் படம் எடுத்துக்க. நீ கப்பல் ஏறினப்புறம் நான் ஊசி போட்டுக்கறேன்."

விண்ணப்பம் அனுப்ப அப்போது பத்து நாட்களே இருந்தன. மறுநாள் காலை எங்கே போகிறேன் என்று சொல்லாமல் அக்கா வெளியே போனார். பகலெல்லாம் நான் கைக்குட்டையில் இருமிப் பார்த்தபடி இருந்தேன். அவர் என் பேச்சைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்காமல் போய்விடுவாரோ என்றும் பயந்தேன்.

உச்சிப் பொழுது தாண்டி அக்கா வந்தார். "கெளம்பு. டாக்டர்கிட்ட போவோம்" என்றார். நான் அழுது அடம்பிடித்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்.

"அய்யா, அந்தப் படம் என்னுது இல்ல. இவளுது. என் பேர்ல நான்தான் இவள அனுப்பினேன்" என்றார் அக்கா.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏன்?"

"பயம் அய்யா."

அவர் திட்டவில்லை. அக்காவை அப்போதே எக்ஸ்ரேக்கு அனுப்பினார். அதில் ஒன்றும் இல்லை. அந்த இருமல் வெறும் தொண்டைக் கரகரப்பு என்றார். இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒனக்கு நோய் இல்ல. ஆனா இந்த வருஷம் நான் கையெழுத்து போட மாட்டேன். நாளைக்கு வேற ஒண்ணுக்கு வேற யாரையாவது அனுப்புவ. இவளுக்கு வைத்தியத்தப் பாரு."

வீட்டுக்கு வந்தபோது அப்பா மில்லிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்து வாசலில் நின்றிருந்தார். தெருவில் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "எந்தப் பொண்ணும்மா? ரெண்டு பேர்ல யாரு?" என்று கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்தக் குரல் என் காதில் விழுகிறது. அக்கா என்னைக் காட்டினார்.

அந்த ஆண்டு விண்ணப்பம் போகவில்லை. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட அக்கா ஒரு நர்ஸிடம் கற்றுக்கொண்டார். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, முதல் மாதங்களில் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளும் எனக்குப் போட்டார், மாத்திரைகளும் கொடுத்தார். அந்த மருந்தால் என் இடது காது இன்றும் சற்று மந்தம். நிழல் பரவுகிறதா, குறைகிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் அப்பாவும் அக்காவும் நானும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்போம். பெயர் கூப்பிடும்போது மூவரில் யாருமே முதலில் எழுந்திருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் டாக்டர் அக்காவின் பெயரை அடித்துத் திருத்திவிட்டார். தெருவில் திருத்த யாரும் இல்லை. குழாயடியில் அக்காவைக் கடைசியாகத்தான் தண்ணீர் பிடிக்க விட்டார்கள். அவர் குடம் பட்ட இடத்தைக் கழுவிவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் குடத்தை வைத்தார்கள். நான் பொறுக்கமுடியாமல் உண்மையைச் சொல்லப் புறப்பட்டபோது அக்கா என்னைத் தடுத்தார்.

"சொல்லாத. நான் எப்படியும் இங்க இருக்கப்போறது இல்ல. நீதான் இந்த ஊர்ல வாழணும். ஒன்ன நாளைக்கு யாராச்சும் பொண்ணு பாக்க வரணும் இல்ல?"

நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். என் திருமணமும் நடந்தது. என் கணவரிடம் மட்டும் அதற்கு முன்பே சொன்னேன்.

மறு ஆண்டு, என் படம் தெளிவாகிக்கொண்டு வந்த சமயத்தில், அக்கா மீண்டும் வரைபடத்தை விரித்தார். இம்முறை நூல் பிடிக்கவில்லை. வேதியியல் வேண்டாம், மருத்துவம் படிக்கிறேன் என்றார். லியோனைத் தேர்ந்தெடுத்தார். நெஞ்சு நோய் பற்றி அங்கே நன்றாகக் கற்பிக்கிறார்கள் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். மருத்துவச் சான்றுக்காக அக்கா அவர் முன் போய் நின்றார். டாக்டர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையெழுத்திட்டார். "இது ஒன் படம்தான?" என்று மட்டும் கேட்டார். "என்னுதுதான் அய்யா" என்றார் அக்கா.

ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் எழுதவேண்டும். அதில் அக்கா அம்மாவைப் பற்றியும், பெயர் சொல்லாமல் என்னைப் பற்றியும், தான் போட்ட ஊசிகளைப் பற்றியும் எழுதினார். மதாம் படித்துவிட்டுக் கலங்கினார்.

"இத எடுத்துடு. நோய் இருந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவாங்க."

"ஒரு தடவ மறைச்சாச்சி மதாம். இன்னொரு தடவ என்னால முடியாது."

கடிதம் அப்படியே போனது. பதில் வர நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த மாதங்களில் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனால் அக்கா மூச்சு விடுவார். நின்றால் உள்ளே போய்விடுவார். கடைசியில் வந்த உறையை அக்கா பிரிக்கவில்லை. அப்பாதான் பிரித்தார். அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா போட்டிருக்கான்?" என்று கேட்டார். இடமும் உதவித்தொகையும் கிடைத்திருந்தன.

அக்கா புதுச்சேரி ஸ்டேஷனில் ரயிலேறி, பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் சென்றார். முதல் கடிதத்தில், "எல்லாமே பயமாக இருக்கிறது. நீ மாத்திரையை நிறுத்தாதே" என்ற இரண்டு வரிகள்தாம் எனக்கென்று இருந்தன. நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஆண்டில், எந்த நாட்டுக் குடிமகளாக இருக்கப்போகிறாய் என்று அக்காவைக் கேட்டார்கள். இந்தியா என்று எழுதிக் கொடுத்தார். அதனால் அயல்நாட்டு மாணவியாக எல்லாத் தாள்களையும் மீண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார். படித்து முடித்துத் திரும்பி வந்து, நெஞ்சு நோய் மருத்துவராக இந்த ஊரிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றார். மில் தொழிலாளர்களும் தட்டாஞ்சாவடிப் பட்டறைக்காரர்களும் அவரிடம் வந்தார்கள். பயந்து வருகிறவர்களிடம் அக்கா ஒருபோதும் பயப்படாதே என்று சொன்னதில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

சென்ற ஆண்டு அக்காவின் இதயம் தளர்ந்து, என் வீட்டிலேயே படுத்திருந்தார். ஒருநாள் மாலை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒன்ன டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போன அன்னைக்குக் காலைல நான் எங்க போனேன்னு நீ கேக்கவே இல்லியே."

"எங்கக்கா போன?"

"கடலூருக்குப் போய் வேற டாக்டர்கிட்ட என் பேர்ல புதுசா படம் எடுத்துடலாம்னு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விண்ணப்பம் பையில இருந்துது. நீ சொன்னதத்தான் செய்யப் போனேன். ஒன்ன அப்படியே உட்டுட்டுப் போகத்தான் போனேன். ரெண்டு பஸ் வந்துது."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக அதை அவர் மட்டும் சுமந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாட்களில் அக்கா போய்விட்டார்.

அக்காவின் படிப்புக்கு வழிகாட்டிய மதாமுக்கும், கையெழுத்திட மறுத்தும் பின்னர் இட்டும் எங்களை வாழவைத்த டாக்டருக்கும், அக்காவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்ஸுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். கடைசி நாட்களில் உடனிருந்து பணிவிடை செய்த என் மருமகளுக்கும், இறுதிச் சடங்குக்கும் இந்த ஆண்டு நினைவுக்கும் வந்து தோள் கொடுத்த உறவினர், நண்பர், தெருவாசிகள் அனைவருக்கும் நன்றி. அக்காவுக்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும், நேரில் சொல்லத் தவறிவிட்டேன். கடலூருக்குப் போன அந்த இரண்டு பஸ்களிலும் ஏறாமல் நின்றதற்காக.