பதினொரு வாய்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கேன்டீன் பலகையில் அன்றன்றைய சாப்பாட்டின் பெயர்தான். எலுமிச்சை என்பதில் 'ச்' வருமா வராதா என்று பதினெட்டு வருடமாக ஒரு முடிவுக்கு வரவில்லை. கீழ்வீட்டுப் பெண் பிழைகளைத் திருத்தித் தந்திருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பியவை இருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் பரிமாறுகிறேன். வீடு பாகலூர் பக்கம். பரிமாறும் வேலைக்குப் பேச்சு தேவையில்லை. தட்டு வரும், ஊற்றுவேன். சாகு, சாலு, பஸ், போதும் என்று நான்கு மொழிகளில் தடுப்பார்கள், நிறுத்துவேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

எங்கள் ஒரே மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். நான்கு வயதுப் பேத்தி அங்கே ஒரு பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் பள்ளி அது. சம்பளத்துக்கு ஒரே ஒரு டீச்சரம்மா. மற்ற வேலைகளுக்கு வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து, சம்பளம் இல்லாமல் வந்து உதவ வேண்டும். மகளின் முறை சரியாகப் பிரசவ நேரத்தில் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆபீஸ். மனைவிக்குப் பத்தியச் சமையல். மீதி இருந்தவன் நான்.

"அப்பா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. ஆறு வாரம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் வந்துரலாம்" என்றாள் மகள்.

"அவங்க பேச்சு எனக்குத் தெரியாதேம்மா."

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "தெரிஞ்ச பேச்சையே நீங்க எங்க பேசினீங்க?"

நான் நல்லவன் என்று ஓசூரிலிருந்து போலீஸ் சான்று வரவழைத்துக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். பேத்தியோடு சேர்த்துப் பதினொரு குழந்தைகள். முதல் வாரம் பொம்மை கழுவினேன், மணலைக் கூட்டினேன், மூக்கு துடைத்தேன். மூக்குக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. அங்கே மூன்று வயதுப் பிள்ளையும் தானே கரண்டி பிடித்துச் சாப்பிட வேண்டும். யாரும் ஊட்டக் கூடாது என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. வைக்கோல் நிறத்தில் தலைமுடி உள்ள ஒரு சின்னப் பையன் இருந்தான். கூட்டத்திலேயே அவன்தான் சிறியவன். தினமும் டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிவிடுவான். நிறைந்த தட்டு அப்படியே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கேன்டீன்காரனால் முடியாது.

அன்று அவன் டப்பாவில் மசித்த உருளைக்கிழங்கு இருந்தது. பார்க்க வெள்ளைக் களி போல இருந்தது. என் கை தானாகப் போய்விட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, கையை ஈரமாகவே வைத்துக்கொண்டு, கேழ்வரகுக் களி உருட்டுவது போல நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினேன். "ஆ" என்றேன். அவன் "ஆ" என்றான். உள்ளே போனது. எங்கள் ஊரில் களியை மெல்ல மாட்டோம், விழுங்குவோம். அவனும் அப்படியே விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். டப்பா காலி.

மனைவி ஷிப்டுக்குப் போன காலத்தில் மகளுக்கு ஊட்டி வளர்த்த கை இது. பழையதை மறக்கவில்லை என்று எனக்குள் ஒரே பெருமை.

மறுநாள் மூன்று பேர் வாயைத் திறந்தார்கள். அடுத்த வாரம் ஏழு பேர். நான்காவது வாரத்தில் பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்து, கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, குருவிக் குஞ்சுகள் மாதிரி வாயைப் பிளந்தார்கள். வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடும் என் பேத்தியும் அதில் சேர்த்தி. டீச்சரம்மா முதலில் சிரித்தார். பிறகு கையுறை வாங்கிக் கொடுத்தார். கையுறை போட்டு உருட்டினால் எது சோறு, எது விரல் என்று கைக்கே தெரியவில்லை. ஆனாலும் வாய்கள் மூடவில்லை.

கடைசி வாரத்துத் திங்கட்கிழமை டீச்சரம்மா என்னை உட்கார வைத்து நிறையப் பேசினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"நீ கெடுத்துட்டியாம் தாத்தா."

"என்னத்த?"

"எல்லாரையும்."

மகள் போனில் பேசி விவரம் கேட்டுச் சொன்னாள். ஆறு மாதமாகப் பாடுபட்டுக் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்களாம். நான் நான்கு வாரத்தில் அழித்துவிட்டேன். பத்துப் பேர் இரண்டு நாளில் சரியாகிவிடுவார்கள். அந்த வைக்கோல் முடிப் பையன்தான் கவலை. எடை ஏறவில்லை என்று டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை. என் கையால்தான் சாப்பிடவே தொடங்கியிருக்கிறான். வெள்ளிக்கிழமை நான் முடித்துக்கொண்டு போய்விட்டால், அடுத்த திங்கட்கிழமை அவன் யாரைப் பார்த்து வாயைத் திறப்பான்?

"ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க" என்றாள் மனைவி. "இங்க என்னடான்னா ஊரான் புள்ள பட்டினி, நம்ம புள்ளைக்கு திட்டு."

"விடும்மா. அப்பா என்ன வேணும்னா செஞ்சாரு?"

எனக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பையன் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். சாப்பாட்டு நேரம் முடிந்தது. அவன் அம்மா வந்து, மூடியே இருந்த டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

புதன்கிழமை பின்கட்டில் போய்த் தட்டு கழுவுவது போல ஒளிந்துகொண்டேன். காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் அவன், கையில் டப்பாவோடு.

அடுத்து, நானே சாப்பிட்டுக் காட்டலாம் என்று முள்கரண்டியை எடுத்தேன். சேமியா போல நீளமாக இருந்ததைச் சுற்றிச் சுற்றி வாய்வரைக்கும் கொண்டு போனேன். அது சட்டையில் விழுந்தது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை எனக்கு வழி ஒன்றும் தெரியவில்லை. அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவன் வாயைத் திறந்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் திறந்தேன். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். என் வாயில் பல் எத்தனை, ஓட்டை எத்தனை என்று அவன் எட்டிப் பார்த்தான். பிறகு கரண்டியை எடுத்து, சீஸ் போட்ட ஆறிப்போன மாவுப் பண்டத்தை அள்ளி என் வாயில் வைத்தான்.

அவ்வளவுதான். மற்ற பத்துப் பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். பச்சைக் கேரட், இனிப்பான பீன்ஸ், ரொட்டியில் தடவிய கறுப்பு மசியல் ஒன்று. அந்த மசியல், மிளகாயை மறந்துவிட்டுப் போட்ட ஊறுகாய் மாதிரி இருந்தது. சாகு என்றேன், சாலு என்றேன். ஒருவரும் நிறுத்தவில்லை. பேத்தி பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, தாத்தாவுக்குப் புரையேறிரும்" என்று அதட்டிக்கொண்டே அவளும் ஒரு கரண்டி திணித்தாள்.

வாய் நிறைந்துவிட்டது. மெல்ல நேரம் வேண்டியிருந்தது. வைக்கோல் முடிக்காரன் அடுத்த கரண்டியை அள்ளிவிட்டான். என் வாய் மூடியிருக்கிறது. கரண்டி நடுவழியில் நிற்கிறது. அவன் என்னைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான். காத்திருக்கப் பொறுமையில்லாமல் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

நான் அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை எருமை அசை போடுவது போல மென்றேன். அவன் இன்னொன்று அள்ளினான். நான் இன்னும் மென்றேன். எனக்கு நான்கு கரண்டி ஊட்டியதில் அவனுக்குப் பதினைந்து போயிருக்கும். டீச்சரம்மா தூணுக்குப் பின்னால் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். வீட்டுக்குப் போய் மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, இரண்டு வார்த்தை பேசும்படி டீச்சரம்மா கைகாட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்தேன். பேத்தி எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"என்ன கண்ணு சொன்ன?"

"தாத்தாவுக்குப் பேச வராது, சாப்பிடத்தான் வரும்னு சொன்னேன்."

சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தப் பையன் எனக்கு ஒரே ஒரு கரண்டி கொடுத்தான். கடனே என்று கொடுத்தது போல இருந்தது. அப்புறம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். நான் மென்று முடித்து வாயைத் திறந்து பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினேன். டீச்சரம்மா அவனைக் கூப்பிட்டு எனக்கு டாட்டா காட்டச் சொல்லப் போனார். நான் அவசரமாகக் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை எழுப்பக் கூடாது.

26-10-2025, ஞாயிற்றுக்கிழமை.